பேட்ட சீவுறதுக்கு முன்னாடி இத படிச்சிரு பாப்பா

பாப்பா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். புது பேட் தராசுல 1180 கிராம் காட்டுது, பழசும் அதே 1180தான், ஆனா புதுச தூக்கவே கஷ்டமா இருக்கு, புல் ஷாட் எல்லாம் லேட் ஆகுது, பேட்டோட பின்பக்க முதுகுல இழைப்புளி போட்டு ஒரு 40 கிராம் எடுத்துரவாப்பான்னு கேட்டிருக்க. போன்ல பேசுனா பாதியிலேயே சரிப்பா சரிப்பான்னு சொல்லி வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். முழுசா படி, முடிக்கிற வரைக்கும் பேட்ல கைய வைக்காத.

மொத வேலையா அந்த 1180ங்கிற நம்பர கொஞ்சம் ஓரமா வை. தராசுக்கு பேட்ல மொத்தம் எவ்ளோ மரம் இருக்குன்னு மட்டும்தான் தெரியும், அந்த மரம் எங்க உக்காந்திருக்குன்னு அதுக்கு தெரியாது, உன் மணிக்கட்டுக்குதான் தெரியும். ஒரு சுத்திய எடுத்து காம்பு நுனிய பிடிச்சு ஆட்டிப் பாரு, அப்பறம் அதயே திருப்பி இரும்பு பக்கமா பிடிச்சு ஆட்டிப் பாரு. அதே சுத்திதான, ஆனா ரெண்டாவது தடவ பொம்ம மாதிரி சுத்தும். பேட்லயும் அதேதான் நடக்குது, தூக்குறப்ப கைக்கு தெரியுற இந்த கனத்தத்தான் பிக்கப்புன்னு சொல்றோம்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, நீ படிச்சதுதான். சுத்துற பொருள்ல எடை எவ்ளோ தூரத்துல இருக்கோ அந்த தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல அது சுத்துறத எதிர்க்கும். ஹேண்டில்ல மேல பிடிக்கிற கையிலருந்து 40 செ.மீ தள்ளி இருக்கிற ஒரு கிராமும் 80 செ.மீ தள்ளி டோவுல, அதான் பேட்டோட கீழ் நுனியில, இருக்கிற ஒரு கிராமும் தராசுக்கு ஒண்ணுதான், ஆனா நீ பேட்ட வீசுறப்ப டோவுல இருக்கிறது நாலு மடங்கு இழுக்கும். இப்ப நீ சொன்ன 40 கிராமுக்கு வா. அத பிளேடோட, அதான் ஹேண்டிலுக்கு கீழ இருக்கிற பட்டையான கட்டையோட, மேல் பகுதியில சீவுனா உனக்கு கிடைக்கிற லாபத்த விட டோ பக்கத்துல வெறும் 15 கிராம் எடுத்தா கிடைக்கிற லாபம் ஜாஸ்தி, வேணும்னா போட்டுப் பாரு, 40ஐ 1600ஆல பெருக்கு, 15ஐ 6400ஆல பெருக்கு. இது தெரியாம நெறைய பேரு பேட்டோட தோள்பட்டையில, ஹேண்டில் சேர்ற எடத்துல, சுலபமா சீவ வருதேன்னு அங்க சீவிட்டு, தராசுல கொறஞ்சிருச்சு கையில கொறையலையேன்னு பொலம்புவாங்க.

அதனால ரெண்டு பேட்டையும் ஒரு பென்சில் மேல படுக்க வச்சு எங்க சமமா நிக்குதுன்னு பாரு. புதுசு பழச விட ரெண்டு மூணு செ.மீ கீழதான் நிக்கும்னு எனக்கு தோணுது. நீ அனுப்புன போட்டோவுல பக்கவாட்டுல பாத்தாலே தெரியுது, முதுகு மேடு, அதான் பின்பக்கம் மரம் தடிமனா புடைச்சிருக்கிற எடம், ரொம்ப கீழ இருக்கு, டோவும் நல்லா தடிமனா விட்டிருக்காங்க. பந்து எந்திரிக்காத ஸ்லோ பிட்சுல ஆடுறவங்களுக்கு அது சரி, பந்து பேட்ல கீழதான வந்து படும். பந்து எகிறுற இடத்துல மேடு மேல இருக்கணும். நீ இப்ப ஆடுற கிரவுண்டுல எல்லாம் பந்து இடுப்புக்கு மேல வருதுன்னு நீதான் சொன்ன, அப்ப இந்த ஷேப் உனக்கு தோதே இல்ல, அது வெயிட் பிரச்சன இல்ல. நீ கடையில எட்ஜ், அதான் பக்கவாட்டு ஓரத்தோட, தடிமன பாத்து மயங்கி எடுத்திருப்ப, எனக்கு உன்ன தெரியாதா.

எட்ஜ் பத்தி சொல்லிர்றேன், ஏன்னா இதுலதான் எல்லாருமே ஏமாறுறாங்க. தடி எட்ஜ் இருந்தா நடுவுல படுற பந்து தூரமா போகும்னு நெனைக்கிறாங்க, அது இல்ல. மரம் நடுக்கோட்ட விட்டு தள்ளி ரெண்டு ஓரத்துலயும் இருந்தா, பந்து ஓரமா படுறப்ப பேட் கையில திரும்புறது கொறையும், அவ்ளோதான். அதாவது தப்பா பட்டது கொஞ்சம் நல்லா போகும், சரியா பட்டதுக்கு அதால ஒண்ணும் ஆகப்போறதில்ல. 1974ல கிரே நிக்கல்ஸ்ங்கிற பேட் கம்பெனியோட ஸ்கூப்புன்னு ஒரு பேட் வந்துச்சு, முதுகு நடுவுல குழியா தோண்டி எடுத்துட்டு எடைய ஓரத்துல விட்டிருந்தாங்க, அந்த யோசனதான் அது. இப்ப வர்ற பேட்ல முதுகு நடுவுல ஓடுற தண்டுக்கும் எட்ஜுக்கும் நடுவுல பள்ளமா சீவியிருக்கும் பாரு, அதுவும் எடைய ஏத்தாம எட்ஜ பெருசா காட்டுறதுக்குதான். ரொம்ப பள்ளமாக்குனா நடுவுக்கு ஒரு இஞ்ச் தள்ளிப் பட்டா அங்க பின்னாடி மரமே இருக்காது, பந்து செத்துப் போயிரும். எட்ஜ கொஞ்சம் கொறச்சு முதுக ஃபுல்லா விட்ட பேட்தான் என் கைக்கு புடிக்கும், பாக்க அழகா இருக்காது, பரவால்ல.

இன்னொண்ணு, பெருசா இருக்கிற பேட் எப்படி எடை கம்மியா வருதுன்னு யோசிச்சிருக்கியா. மரம்தான். பேட் செய்யிற வில்லோ மரத்துலயே ஒரு கட்ட எடை கம்மியா இருக்கும் இன்னொண்ணு கனமா இருக்கும், கம்மி எடை கட்ட கிடைச்சா பெருசா விட்டு சீவலாம், கனமான கட்டன்னா ஒல்லியா சீவித்தான் ஆகணும். நல்லா காயவச்சு ஈரத்த எடுத்தாலும் எடை கொறையும், ஆனா ரொம்ப காஞ்ச மரம் சீக்கிரம் வெடிக்கும், அதனால தூக்குறதுக்கு பஞ்சு மாதிரி இருக்கிற குண்டு பேட் ஆயுசுல கொஞ்சம் கம்மிதான்.

எடை கூட இருந்தா பந்து தூரம் போகுமான்னு கேப்ப. போகும், அதே வேகத்துல உன்னால வீச முடிஞ்சா. நீ ஆடுற பந்தோட எடை 150 கிராம பெருசா தாண்டாது, பொண்ணுங்க ஆடுற பந்து 140லருந்து 151 கிராம்தான், பேட் ஏற்கனவே அதுக்கு ஏழெட்டு மடங்கு. அதுக்கு மேல 50 கிராம் ஏத்துனா பந்துக்கு கிடைக்கிறது கொஞ்சூண்டு, ஆனா அதால பேட் லேட்டா வந்தா போறது நெறைய, பந்து நடுவுல படாது. டெண்டுல்கர் 3 பவுண்டுக்கு மேல, அதாவது 1360 கிராமுக்கு மேல இருக்கிற பேட்ல ஆடுனாரு, பிராட்மேன் ரெண்டேகால் பவுண்டு பக்கத்துல, ஒரு கிலோ சொச்சம், அதுல ஆடுனாரு. யாரு ரன் அடிக்கல சொல்லு. டெண்டுல்கர் ஹேண்டில்ல ரொம்ப கீழ பிடிப்பாரு, அப்ப கைக்கும் மரத்துக்கும் தூரம் கொறஞ்சிருது, மேல சொன்ன கணக்கு அங்கயும் வேல செய்யுது. நீ மேல பிடிக்கிறவ, அதனால உனக்கு கீழ் எடை இன்னும் ஜாஸ்தியா தெரியும்.

ஷேப்ப வச்சு என்னென்னவோ பண்ணிப் பாத்திருக்காங்க. நியூசிலாந்து ஆட்டக்காரர் லான்ஸ் கெய்ர்ன்ஸ் தோளே இல்லாத ஒரு பேட்ட வச்சு 1983ல மெல்போர்ன்ல ஆறு சிக்ஸ் அடிச்சாரு, தோள்ல இருந்த மரத்த எடுத்து அடிக்கிற எடத்துல சேத்தா என்ன ஆகும்னு அதுல தெரிஞ்சுது. 2010 ஐபிஎல்ல ஹேடன் மங்கூஸ் பேட்ட எடுத்துட்டு வந்து டெல்லிக்கு எதிரா 43 பந்துல 93 அடிச்சத வீட்ல டிவியில ஒண்ணா பாத்தோமே, பிளேட கட்டையாக்கி ஹேண்டில நீளமாக்கியிருந்தாங்க. ஆனா அத வச்சு தடுத்து ஆடணும்னா பிளேடே பத்தாது, அதான் அப்பறம் பெருசா யாரும் சீண்டல.

சரி உன் பேட்டுக்கு வருவோம். முதல்ல சீவாத. ஹேண்டில் மேல இன்னொரு கிரிப் போடு, இல்லன்னா மேல் நுனியில மட்டும் கிரிப்புக்கு அடியில டேப் சுத்து. தராசுல எடை கூடும் ஆனா தூக்கிப் பிடிக்கிறப்ப கம்மியா தெரியும், ஏன்னா கைக்கு மேல ஒரு எதிர் எடை வந்துருது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, இது ஸ்டான்ஸ்ல நிக்கிறப்ப, தூக்குறப்ப மட்டும்தான் ஏமாத்தும், முழுசா வீசுறப்ப டோவுல இருக்கிற மரம் அங்கயேதான் இருக்கும். அதனால ரெண்டு வாரம் நெட்ஸ்ல ஆடிப் பாரு, அப்பவும் புல் லேட்டுன்னா சீவலாம்.

சீவுறதுன்னா டோவுலருந்து ஒரு ஜாண் உயரம் வரைக்கும் முதுகுப் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா எடு, நடு முதுகுத் தண்ட விட்டுரு, வாத்து மூக்கு மாதிரி ஷேப்புன்னு சொல்வாங்களே அப்படி வரணும். வில்லோ எடை கம்மி மரம், 15 கிராம் எடுக்கணும்னா 35 கன செ.மீ கிட்ட மரம் போகும், கண்ணுக்கு அது நெறையவே தெரியும், பயப்படாத, ஆனா ஒரே நாள்ல எடுத்துராத. சீவு, நாலு தடவ வீசிப் பாரு, நிறுத்து, மறுநாள் சீவு. டோ நுனிய ரொம்ப மெலிசாக்கிறாத, யார்க்கர் வந்து படுற எடம் அது, ஈரம் ஏறுறதும் அங்கதான். பிளேடோட மேல் பகுதியில கைய வைக்காத, ஹேண்டில் வி மாதிரி உள்ள இறங்கி ஒட்டியிருக்கிற இடம் அது, அங்க மெலிசானா ஒரு நாள் ஹேண்டில் கையோட வந்துரும்.

முன்பக்கம், அதான் பந்து படுற முகம், அதுல உப்புத்தாள் கூட அழுத்தி போடாத. பேட் செய்யிறப்ப அந்த முகத்த உருளையில விட்டு அழுத்தியிருப்பாங்க, அந்த அழுத்துன தோல் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், பந்த தள்ளுறதும் வெடிக்காம காப்பாத்துறதும் அதுதான். அத சீவிட்டா கீழ இருக்கிறது பச்ச மரம், மறுபடி பிரஸ்ல போட்டாதான் உண்டு.

சீவுன இடத்துல உப்புத்தாள் தேச்சுட்டு லின்சீட் ஆயில், அதான் ஆளி விதை எண்ணெய், மெலிசா ஒரு கோட் போதும், ஊத்தி ஊறவைக்காத, எடுத்த கிராமெல்லாம் எண்ணெயா திரும்ப ஏறிரும். ஹேண்டில் சேர்ற எடத்துல எண்ணெய் படக்கூடாது. ரூல்ஸ் பத்தி கவலப்படாத, அகலம் 10.8 செ.மீ தாண்டக்கூடாதுன்னு ரொம்ப காலமாவே இருக்கு, ஆழம் 6.7, எட்ஜ் 4 செ.மீ இத தாண்டக்கூடாதுன்னு 2017 அக்டோபர்லருந்து இருக்கு, கொறைக்கிறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எதிர் எடைன்னு சொன்னேன்னு பிளேடுக்குள்ள ஈயம் கீயம் வைக்கக் கிளம்பிராத, 1979ல ஆஸ்திரேலியா பவுலர் லில்லி அலுமினிய பேட்டோட பெர்த்ல இறங்குனதுக்கு அப்பறம் பிளேடு மரமாத்தான் இருக்கணும்னு விதியே எழுதிட்டாங்க.

ரெண்டு பேட்டோட சமநிலை புள்ளியும் டோவுலருந்து எத்தன செ.மீன்னு டேப்ப வச்சு அளந்து அனுப்பு, புதுசோட பக்கவாட்டு போட்டோ வெளிச்சத்துல ஒண்ணு எடு, நான் எங்க சீவணும்னு போட்டோ மேலயே கோடு போட்டு அனுப்புறேன். அதுவரைக்கும் மேட்சுக்கு பழசையே எடுத்துட்டு போ. இங்க வீட்ல நீ விட்டுட்டுப் போன அந்த கட்ட பேட்ட கேக்காத, தம்பி அதுல பேர எழுதி வச்சுட்டான்.

அப்பா