மாத்திரையை மட்டும் நிறுத்தாதே

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. பேரன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சேதியைப் படித்து இவளும் நானும் மகிழ்ந்தோம். ஆனால் கடைசிப் பக்கத்தில், பிரஷர் மாத்திரையை ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டாக்டர்களுக்குக் கம்பெனி காசு கொடுக்கிறது, அரசாங்கமும் உடந்தை, எல்லாம் வியாபாரம் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதாகச் சொல்கிறாய்.

முப்பது வருஷத்துக்கு மேல் கெமிஸ்ட் கடையில் நின்றவன் நான். நீ கேள்விப்பட்டது முழுப் பொய் என்று சொல்ல என் வாய் வராது. அந்தக் காலத்தில் மருந்துக் கம்பெனி விற்பனை ஆள், ரெப், வருவார். பத்துப் பெட்டி வாங்கினால் ரெண்டு இலவசம் என்பார். டாக்டர் அறைக்குள் பை நிறைய சாம்பிள் போகும். எந்த மருந்தில் லாபம் அதிகமோ அதுதான் அலமாரியில் முன்னால் நிற்கும். என் கையாலேயே அடுக்கியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் மனசு கூசுகிறது. அப்புறம் சட்டம் வந்தது. போனஸ், தள்ளுபடி, இலவச சாம்பிள் எல்லாவற்றுக்கும் தடை. 2004-இல், தனியாருக்கு விற்கும் மருந்துக்குக் கம்பெனி ஒரே விலைதான் வைக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். ஆசை அதோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைக்குள் நான் பார்த்த அந்தப் பேரம் நின்றது.

மண்டேலா காலத்துச் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். மலிவான மருந்துக்கு வழிவிட 1997-இல் கொண்டுவந்ததை எதிர்த்து, 39 கம்பெனிகள் அவருடைய அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டன. எய்ட்ஸில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. உலகமே காறித் துப்பிய பிறகு 2001 ஏப்ரலில்தான் வாபஸ் வாங்கினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அதே கோபம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் பார். எம்பெக்கி ஜனாதிபதியாக இருந்தபோது, எச்.ஐ.வி.யால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று அவரே சந்தேகப்பட்டார். மருந்தே விஷம், கம்பெனிகளின் சூழ்ச்சி என்ற பேச்சு மேலிடம்வரை ஏறியது. மருந்து கொடுக்கத் தாமதித்ததால் 3,30,000-க்கும் அதிகமான உயிர்கள் போயின என்று 2008-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி, எய்ட்ஸ் சிகிச்சைக்காகப் போராடிய டி.ஏ.சி. இயக்கத்தார் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய் 2002-இல் தீர்ப்பு வாங்கினார்கள். கம்பெனிகளின் வழக்கை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் இவர்கள்தான். விலையோடு சண்டை போட்டார்கள், மருந்தை விடவில்லை. இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

அரசாங்கத்துத் திருட்டைத் தெரிந்துகொள்ள வாட்ஸ்அப் எதற்கு? பபிதா தேவ்கரன் கதை போதாதா? கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் கணக்குப் பார்த்த பெண். டெம்பிசா ஆஸ்பத்திரிக் கொள்முதலில் 85 கோடி ராண்ட் சந்தேகக் கணக்கைப் பிடித்தார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவரை 2021 ஆகஸ்ட் 23 அன்று வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். ஆறு பேர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்கள். ரசீதையும் பில்லையும் வரிவரியாகப் பார்த்த மனுஷி அவர். ஆதாரமில்லாத ஒரு வரியைக்கூட எழுதியிருக்கமாட்டார். நாம் கைபேசியில் தட்டி அனுப்புகிற வதந்தியை அவர் உழைப்போடு ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை.

இங்கே பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா, உன்னைப்போலத்தான், பிரஷர் மாத்திரையை விட்டார். பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது. இப்போது மகள்தான் சோறு ஊட்டுகிறாள்.

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகவே கேள்: இது எதற்கு, இதைவிட மலிவானது உண்டா என்று. கெமிஸ்டிடம் ஜெனரிக், அதாவது அதே மருந்தின் மலிவான வேறு கம்பெனித் தயாரிப்பு, கேள். அப்படி ஒன்று இருந்தால் சொல்லவேண்டியது சட்டப்படி அவர் கடமை. கூச்சப்படாதே. அதற்கு முன்னால் நாளைக் காலையிலேயே கிளினிக் போய் பிரஷர் பார்த்துவிடு. பழைய மாத்திரையை எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அவர்களே சொல்வார்கள்.

பெரிய வெள்ளிக்கு மவுன்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா? தங்கச்சியையும் கூட்டி வா. மருந்துச் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவா, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிரஷர் எவ்வளவு காட்டியது என்று நாளைக்கே ஃபோன் பண்ணு. காத்திருப்பேன்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்