உன் குழந்தைக்கும் வருமா என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணு,

உனக்கு இருக்கும் சில்வர்-ரஸ்ஸல் குறைபாடு, அதாவது கருவிலேயே வளர்ச்சி குன்றிவிடும் இந்தக் குறைபாடு, உன் குழந்தைக்கும் வருமா என்று கேட்டாய். இதைப் போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். உன் விஷயத்தில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

பதினோராவது குரோமோசோம் எல்லோருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஜோடியாக வரும். அதில் ஐஜிஎஃப்2 என்ற மரபணு கருவில் பிள்ளை வளர்வதற்கு முக்கியமானது. பெரும்பாலான மரபணுக்களில் இரண்டு பிரதிகளும் வேலை செய்யும். இதில் அப்பா தந்த பிரதி மட்டும்தான். அதை வேலை செய்ய விடுவது பக்கத்தில் இருக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறி. உன் மரபணு சரியாகவே இருக்கிறது, அந்தக் குறிதான் பல செல்களில் கலைந்துவிட்டது. எல்லாச் செல்களிலும் ஒரே மாதிரி கலையாததால்தான் உன் இடது கால் கொஞ்சம் சிறுத்தது என்று டாக்டர் விளக்கினார். இதற்கு நேர்மாறாக, அம்மா தந்த பிரதியிலும் அந்தக் குறி விழுந்தால் பிள்ளை அளவுக்கு மீறி வளரும். அது பெக்வித்-வீடமன் என்ற வேறொரு குறைபாடு.

மாதம் நிறைந்து பிறந்தும் நீ 1.8 கிலோதான். நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அது பொய். கரு உருவான ஆரம்ப நாட்களிலேயே நடந்துவிடுகிற விஷயம் இது. நாளைக்கு உன்னிடம் யாராவது அப்படிப் பேசினால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதே.

சரி, உன் குழந்தைக்கு வருகிறேன். கருமுட்டை உருவாகும் வழியில் பழைய குறிகள் அழிந்து புதிதாக எழுதப்படும். அதுவுமில்லாமல், உன் குழந்தையிடம் ஐஜிஎஃப்2 வேலை செய்யப்போவது மாப்பிள்ளை தரும் பிரதியில்தான். சில குடும்பங்களில் மரபணுவிலேயே மாற்றம் இருந்து வழிவழியாக வருவதும் உண்டு. உன் பரிசோதனையில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இரண்டு பேருமாக ஒரு மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கவலை உன் உடம்பைப் பற்றித்தான். சின்ன வயதில் ராத்திரி உனக்குச் சர்க்கரை இறங்கிவிடும் என்று பச்சைக் கார்ன்ஃப்ளாரைக் கரைத்துக் கொடுத்துத் தூங்க வைப்போம். இப்போது பயம் எதிர்ப்பக்கம். இந்தக் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு எடை கூடினால் பிற்காலத்தில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் சேர்ந்து வரலாம். அதனால் கர்ப்பத்துக்கு முன்பே மூன்றையும் பரிசோதித்துக்கொள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடு.

உன் மெத்திலேஷன் ரிப்போர்ட்டை நகல் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறேன். ஆலோசகர் அசலைக் கேட்டால் சொல், அப்பா நேரில் கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா