குளிர்கால ஐரோப்பாவை ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தை வியன்னாவிலிருந்து தொடர்ந்து வாசித்துவருகிறேன். ஐரோப்பாவைப் பற்றி அதில் வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் கோடை விடுமுறையையும், ஒரே மூச்சில் ஐந்தாறு நாடுகளைச் சுற்றிக்காட்டும் குழுப் பயணங்களையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. குளிர்காலம் என்று வந்துவிட்டால், அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வேலை நிமித்தம் இங்கே வசிக்கும் நானும் என் கணவரும் கடந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறி, ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் இரண்டு இரவுகள் தங்கித் திரும்பினோம். குளிருக்காகவே போக வேண்டிய நகரங்களும் ஐரோப்பாவில் உண்டு என்று உறுதியாகச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

புடாபெஸ்டின் பெருமை அதன் வெந்நீர் ஊற்றுகள். நகரப் பூங்காவில் உள்ள செச்செனி குளியல் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, வில்மோஷ் ஜிக்மோண்டி என்ற சுரங்கப் பொறியாளர் பத்து ஆண்டுகள் விடாமல் துளையிட்டு, 1878இல் 970 மீட்டர் ஆழத்தில், 74 டிகிரி வெப்பமுள்ள நீரை அங்கே கண்டடைந்திருந்தார். அந்த நீரைத் தாங்கக்கூடிய சூட்டுக்கு ஆற்றித்தான் குளங்களில் விடுகிறார்கள். உடைமாற்றும் அறையிலிருந்து திறந்தவெளிக் குளத்துக்குப் போகும் சில அடி தூரத்தில், ஈரமான கல்தரை பாதத்தைச் சுட்டெடுப்பதுபோல் குளிர்ந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினோம். கழுத்துவரை வெந்நீர், தலைக்கு மேல் பூஜ்யம் டிகிரிக் காற்று. எழும்பும் நீராவி அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், சுற்றியிருந்த மஞ்சள் நிறக் கட்டடத்தின் தூண்கள் ஒரு கணம் தெரிந்தன, மறுகணம் மறைந்தன. இடுப்பளவு நீரில் நின்றபடி, குளத்தின் ஓரத்தில் சதுரங்கப் பலகை வைத்து முதியவர்கள் இருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவர்களை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. கோடையில் இதே குளம் வெறும் நீச்சல் குளமாகிவிடும் என்று என் கணவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

இன்னும் பழைய குளியல் வேண்டுவோருக்கு, டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையான புடாவில் ருடாஷ் குளியல் மாளிகை இருக்கிறது. 1541 முதல் 1686 வரை நீடித்த துருக்கிய ஆட்சிக் காலத்தின் எச்சமான அதன் எண்கோணக் குளத்துக்கு மேல் ஒரு கவிகை மாடம் இருக்கிறது. மாடத்தின் சிறு துளைகள் வழியே பகல் வெளிச்சம் நீரில் விழுகிறது. அந்தப் பகுதியில் சில நேரங்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக ஒதுக்கி, வார இறுதி போன்ற மற்ற நேரங்களில் இருவரையும் சேர்த்து அனுமதிப்பது வழக்கம். தம்பதியராகச் செல்வோர் கிளம்பும் முன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. துண்டும் ரப்பர் செருப்பும் கையோடு கொண்டுபோனால் அங்கே வாங்கும் செலவு மிச்சம்.

ஜனவரியில் மாலை ஐந்து மணியளவிலேயே அங்கே இருட்டிவிடுகிறது. அதையே பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. 96 மீட்டர் உயரமுள்ள நாடாளுமன்றக் கட்டடத்தில் விளக்கேற்றும் காட்சியைக் கோடையில் காண இரவு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். நாங்களோ அதைப் பார்த்துவிட்டு நிதானமாக இரவு உணவுக்குப் போனோம். ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்டின் ஓரமாகவே ஓடும் 2ஆம் எண் டிராமில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், எதிர்க்கரையின் அரண்மனையும் 1849இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலமும் சன்னலுக்கு வந்துவிடும். பூங்காவுக்குப் போகும் முதலாம் சுரங்க ரயில் 1896இல் ஓடத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தில் அதுவே முதல். சாலையிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடுவதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் சிரமமில்லை. அதே பூங்காவில் 1870இல் தொடங்கப்பட்ட பனிச்சறுக்குத் திடல் குளிர்காலத்தில் இயங்குகிறது. நாங்கள் சறுக்கவில்லை, விளிம்பில் நின்று பார்த்ததே நிறைவாக இருந்தது.

நாடாளுமன்றத்துக்கு அருகே, ஆற்றங்கரையின் விளிம்பில், இரும்பில் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில், அம்புக்குறிக் கட்சி என்ற ஹங்கேரிய நாஜிக் கட்சியினர் யூதர்களை அங்கே வரிசையாக நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் செய்து, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். 2005இல் அமைக்கப்பட்ட இந்த நினைவிடத்தைப் பல பயணக் கட்டுரைகள் புகைப்படம் எடுக்கும் இடமாக மட்டும் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது. அந்தக் கொலைகள் நடந்த அதே பருவத்தில், கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும் காற்றில் அங்கே நிற்கும்போது, வெறுங்காலோடு நின்றவர்களின் நிலை நமக்கு வெறும் வரலாற்றுச் செய்தியாக இருப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்களின் முதல் கேள்வி அதுதான். ஹங்கேரியின் புகழ்பெற்ற உணவான குலாஷ் மாட்டிறைச்சியில் செய்வது. ஆனால் சைவம் சாப்பிடுவோர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காய்கறியை வேகவைத்துக் கெட்டியாக்கிய ஃபோசெலேக் என்ற பதார்த்தம் ஏறக்குறைய நம் வீட்டுக் கூட்டுபோல இருக்கும். மேலே இறைச்சி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டியை, பூண்டும் புளித்த பாலேடும் தடவிச் சுடச்சுடத் தருகிறார்கள்.

பயணத் திட்டத்துக்குப் பயன்படும் சில செய்திகள். வியன்னாவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் ஹங்கேரிக்குத் தனி விசா தேவையில்லை. அங்கே புழங்கும் பணம் யூரோ அன்று, ஃபோரிண்ட். கிறிஸ்துமஸ் சந்தைகளைக் காண விரும்புவோர் டிசம்பரில் போகலாம். ஆனால் 24ஆம் தேதி பிற்பகலுக்குப் பிறகு கடைகளும் போக்குவரத்தும் பெருமளவு அடங்கிவிடும் என்பதை அறிந்தே போக வேண்டும். கூட்டமின்றி இருவர் மட்டும் நிதானமாக இருக்க, ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உகந்தவை என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் தமிழ்த் தம்பதியர் இன்று ஏராளம்; பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் அப்படியே. இவர்களுக்கு நீண்ட விடுமுறை எளிதில் கிடைப்பதில்லை, வார இறுதிதான் கிடைக்கிறது. ஆகவே ஒரே நகரில் இரண்டு இரவு தங்கும் குளிர்காலப் பயணங்களுக்கும் தங்கள் பயணப் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விசாவுக்கு விண்ணப்பிக்க அவகாசம் தேவைப்படும் என்பதால், அக்கட்டுரைகளைச் செப்டம்பரிலேயே வெளியிட்டால் வாசகர்களுக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வியன்னா.