டபுள் போட்டால் 'நீயே சொல்' என்று பொருள்

அன்புள்ள கார்த்திக்,

நீ அனுப்பிய பிரிட்ஜ் சீட்டாட்டக் கையைப் பார்த்தேன். ஸ்பேடில் ராஜா, 10, 7, 3. ஹார்ட்டில் ராணி, ஜாக்கி, 8, 4. டைமண்டில் 6, 2. கிளப்பில் ராணி, 9, 5. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் மொத்தம் 8 பாயின்ட். இடப்பக்கத்தவர் 1 டைமண்ட் (டைமண்டைத் துருப்பாக்கி ஏழு பிடி) கேட்டார், உன் பார்ட்னர் 'மற்ற சூட்டில் ஒன்றைக் கேள்' என்னும் டேக்-அவுட் டபுள் சொன்னார், வலப்பக்கத்தவர் 2 டைமண்டுக்கு ஏற்றினார். நீ 2 ஹார்ட் கேட்டாய். மேசையில் விரிந்த பார்ட்னரின் கையில் நாலு ஸ்பேட், மூன்றே ஹார்ட்.

"இரண்டில் ஒன்றை எடுக்கத்தானேம்மா வேண்டும்" என்று கேட்டிருந்தாய். எடுக்க வேண்டாம், கண்ணா. அந்த இடத்தில் நீயும் டபுள் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் ரெஸ்பான்சிவ் டபுள். "எனக்கு ஆட இரண்டு சூட் இருக்கிறது, கையில் கொஞ்சம் பலமும் இருக்கிறது, எது என்று நீயே சொல்" என்பதே அதன் பொருள். பார்ட்னர் 2 ஸ்பேட் கேட்டிருப்பார், இருவரிடமும் சேர்த்து எட்டுத் துருப்பு இருந்திருக்கும். எதிரணியிடம் மீதி 5 ஸ்பேட். அவை 3-2 ஆகப் பிரிய நூற்றுக்கு 68 வாய்ப்பு. நீ ஆடிய ஹார்ட்டில் எதிரணியிடம் 6 இருந்தன. அவை 4-2 ஆகப் பிரிய 48, சமமாகப் பிரிய 36 தான். 4-2 ஆகிவிட்டால் அவர்கள் டைமண்டை விடாமல் ஆடி நம் துருப்பைக் கரைத்துவிடுவார்கள். உனக்கு நடந்தது அதுதான்.

எதிரணி தோற்கும் என்று தண்டிக்கச் சொல்லும் பெனால்ட்டி டபுளை விட்டுக்கொடுக்கிறோமே என்று தயங்காதே. எண்ணிப் பார். கேட்டவரிடம் ஐந்து, ஏற்றியவரிடம் மூன்று என்றால் அந்தச் சூட்டில் மிச்சம் ஐந்தே சீட்டு. டேக்-அவுட் டபுள் சொன்ன பார்ட்னரிடம் ஒன்றோ இரண்டோ இருக்கும். உன்னிடம் மூன்றோ நாலோ தான் வரும். அதை வைத்து இரண்டாம் மட்டத்தில் (எட்டுப் பிடிக் கேள்வியில்) தண்டிக்கும் கை எப்போதாவதுதான் வரும். இரண்டு சூட் கையோ ஒவ்வொரு வாரமும் வரும். அபூர்வமாக எதிரணியின் துருப்பு உன்னிடம் குவிந்திருந்தால் பாஸ் சொல்லிக் காத்திரு. பலம் மிச்சமிருந்தால் பார்ட்னர் மறுபடி டபுள் சொல்வார், அப்போது அப்படியே விட்டுவிடலாம்.

அந்த இரண்டு சூட் எவை என்பது எதிரணி எதைக் கேட்டது என்பதைப் பொறுத்தது. கிளப்பையோ டைமண்டையோ கேட்டு ஏற்றினால் உன் டபுள் ஹார்ட், ஸ்பேட் இரண்டையும் காட்டும், நாலுக்கு நாலு. ஹார்ட்டைக் கேட்டு ஏற்றினால் கணக்கு மாறும். நாலு ஸ்பேட் இருந்தால் 2 ஸ்பேட் என்று நேராகவே கேட்டிருக்கலாம் அல்லவா? அதனால் அங்கே டபுள் என்றால் நாலு ஸ்பேட் இல்லை, கிளப்பும் டைமண்டும் உண்டு என்று அர்த்தம். ஸ்பேட் ஜாக்கி, 6. ஹார்ட் 8, 5, 3. டைமண்ட் ராஜா, ஜாக்கி, 9, 4. கிளப் ஏஸ், 10, 7, 2. ஒன்பது பாயின்ட், இதற்கென்றே செய்த கை. டபுள் சொன்ன பார்ட்னர் தன் நாலு ஸ்பேடைப் பார்த்து 2 ஸ்பேட் கேட்கக் கூடாது. உன்னிடம் நாலு ஸ்பேட் இல்லை என்று நீ சொல்லியாயிற்று. அவரிடம் ஐந்து இருந்தால் கேட்கலாம்.

ஸ்பேடைக் கேட்டு 2 ஸ்பேடுக்கு ஏற்றினால்தான் சிக்கல். ஹார்ட்டைச் சொல்ல மூன்றாம் மட்டத்துக்குப் போக வேண்டும். சிலர் அங்கேயும் டபுளுக்குக் கிளப்பும் டைமண்டும் என்றே வைத்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் அதற்கு 2 நோட்ரம்பை (துருப்பில்லாத ஆட்டத்தை) ஒதுக்கிவிட்டு, டபுளை ஹார்ட்டோடு இன்னொரு சூட் என்று ஆடுகிறார்கள். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். எதிரணி ஏற்றிய சூட்டின்மேல் இயல்பான 2 நோட்ரம்ப் கேட்கும் கை வருவதே இல்லை. எதை எடுத்தாலும் ஆட உட்காரும் முன் பார்ட்னரோடு பேசி முடித்துவிடு.

பலம் எவ்வளவு வேண்டும்? பார்ட்னரின் பதில் இரண்டாம் மட்டத்திலேயே நின்றுவிடும் என்றால் 7 பாயின்ட் போதும், நல்ல 6 கூடப் பரவாயில்லை. மூன்றாம் மட்டத்துக்குத் தள்ளுவதாக இருந்தால் 9க்குக் குறையாதே. 12க்கு மேல் போனால் டபுள் வேண்டாம். எதிரணியின் சூட்டையே 3 டைமண்ட் என்று கேட்டால் கேம் (பெரிய போனஸ் தரும் அளவு உயர்ந்த கேள்வி) வரை நிறுத்தாதே என்று பொருள். 10, 11 இருந்தால் டபுள் சொல், பார்ட்னர் 2 ஸ்பேட் கேட்டதும் 3 ஸ்பேடுக்கு ஏற்றிக் கேமுக்கு அழை. அவர் பக்கம், 15 வரை என்றால் மிகக் குறைந்த மட்டத்தில் ஒரு சூட்டைச் சொல்வார், 16க்கு மேல் ஒரு படி தாவுவார்.

இனி தவறுகள். முதலாவது, ஐந்து சீட்டு ஸ்பேடோ ஹார்ட்டோ இருக்கும்போதும் டபுள் சொல்வது. ஐந்து இருந்தால் அதைக் கேள். ஸ்பேடில் ஐந்தும் ஹார்ட்டில் நாலும் வைத்துக்கொண்டு டபுள் சொன்னால், பார்ட்னர் நாலு ஹார்ட்டும் மூன்று ஸ்பேடும் வைத்து ஹார்ட்டையே கேட்பார், உன் நீளமான சூட் பேசாமல் போய்விடும்.

இரண்டாவது தவறு பார்ட்னருடையது. பெனால்ட்டி என்று நினைத்துப் பாஸ் சொல்லிவிடுவார். எதிரணி 2 ஹார்ட்டைச் சும்மா ஆடிச் சரியாக 8 பிடி எடுத்தால் அவர்களுக்கு 110. அதே 8 பிடி டபுளோடு வந்தால் 470, வல்னரபிள் (போனஸும் தண்டமும் கூடும் நிலை) என்றால் 670. ஒரு மறதிக்கு இந்த விலை. அதனால் உங்கள் ஏல முறைகளை எழுதிவைக்கும் கன்வென்ஷன் கார்டில் எந்த மட்டம் வரை என்பதையும் எழுதிவிடுங்கள். பலர் 3 ஸ்பேட் வரை வைக்கிறார்கள், நான் 4 டைமண்ட் வரை சொல்வேன். எதிரணி தாவி 3 டைமண்டுக்கு ஏற்றினாலும், 2 ஹார்ட் என்ற வீக் டூவை (நீளமான சூட்டும் குறைந்த பலமும் காட்டும் தொடக்கத்தை) 3 ஹார்ட்டாக்கினாலும் இதே டபுள்தான்.

வலப்பக்கத்தவர் ஏற்றாமல் புதுச் சூட்டைக் கேட்டால் இது கிடையாது. 1 டைமண்ட், டபுள், 1 ஹார்ட், அதன்மேல் நீ டபுள் என்றால் "என்னிடமும் ஹார்ட் உண்டு" என்றுதான் அர்த்தம். அவர் 1 நோட்ரம்ப் கேட்டபின் வரும் டபுள் பெனால்ட்டி. ரெஸ்பான்சிவ் டபுளை நெகட்டிவ் டபுளோடும் குழப்பிக்கொள்ளாதே. 1957இல் ஆல்வின் ராத் கொண்டுவந்தது அது, அந்த ஆண்டு விண்ணில் போன ஸ்புட்னிக்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது நம் பக்கம் ஏலத்தைத் தொடங்கி எதிரணி குறுக்கே வந்தால் சொல்வது. இது எதிரணி தொடங்கியபின்.

பார்ட்னர் டபுளுக்குப் பதில் ஓவர்கால் செய்து தன் சூட்டைக் கேட்டிருந்தாலும் இதே வழிதான். 1 டைமண்ட், 1 ஸ்பேட், 2 டைமண்ட், நீ டபுள்: ஹார்ட்டும் கிளப்பும். இங்கே கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், ஒன்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி, ஏனென்றால் பார்ட்னருக்கு உன் இரண்டு சூட்டிலும் ஒன்றுமில்லாமல் போகலாம். ஸ்பேடில் இரண்டு சீட்டாவது கையில் இருந்தால் அவர் தன் சூட்டுக்கே திரும்பினாலும் தாங்கும். மூன்று இருந்தால் டபுள் எதற்கு, ஸ்பேடை ஏற்று.

இன்னொன்று. நீண்ட யோசனைக்குப் பிறகு வரும் டபுள், பெனால்ட்டியா இல்லையா என்று பார்ட்னருக்கே சொல்லிக்கொடுத்துவிடும். அது சட்டம் 16இன்படி அவர் பயன்படுத்தக் கூடாத தகவல். எப்போதும் ஒரே வேகத்தில் சொல்லப் பழகு.

இந்தக் கைக்குப் பதில் எழுது. ஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 7, 5, 3. ஹார்ட் ராணி, 10, 6, 2. டைமண்ட் 8, 4. கிளப் 9, 5. இடப்பக்கம் 1 கிளப், பார்ட்னர் டபுள், வலப்பக்கம் 3 கிளப். உன் முறை.

அன்புடன்,
அம்மா