கூண்டுக் கணக்கைக் காட்டில் சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருகிவரும் ஃபின்ச் குருவிகளின் மரபணு ஆய்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தக்கலைப் பக்கம் குருவி வளர்க்கும் எங்களிடையே பெரிய வாக்குவாதத்தையே கிளப்பிவிட்டது. உழைத்து எழுதிய கட்டுரை, மறுப்பதற்கில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், கூண்டுகளில் இவ்வளவு பெருகியிருப்பதால் இந்த இனங்களுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. வளர்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அது உடன்பாடில்லை.

கட்டுரை அதிகம் பேசிய, வட ஆஸ்திரேலியாவின் பலவண்ணக் குருவியான கோல்டியன் ஃபின்ச்சையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய அரசு 1960இல் தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. கள்ளத்தனமாக வந்தவற்றை விட்டுவிட்டால், நாகர்கோவில் கடைகளில் ஜோடியாக விற்கும் கோல்டியன்கள் அதற்கு முன்பே கப்பலேறிய பறவைகளின் வாரிசுகள்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவற்றுக்கு ஜோடி தேர்ந்தெடுப்பது நாம். அதுவும் சந்தை விலையைப் பார்த்து. நீலம், வெள்ளை நெஞ்சு, மஞ்சள் உடல் என்று கேட்கிறவர்கள் கேட்க, அதற்கேற்ப அண்ணன் தங்கையைக்கூடச் சேர்த்துவிடுகிறோம். காட்டில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பறவைகளுக்குக் கறுப்புத் தலை, மீதிக்குச் சிவப்பு. மஞ்சள் தலை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. நம் கூண்டுகளில் அந்த விகிதத்தைத் தேடிப் பாருங்கள்.

தலை நிறத்தைத் தீர்மானிக்கும் பகுதி, பறவைகளின் பால் குரோமோசோம்களில் ஒன்றான Z குரோமோசோமில் ஃபாலிஸ்டாட்டின் என்ற மரபணுவுக்கு அருகில் இருப்பதை 2018இலும் 2019இலும் வந்த ஆய்வுகள் காட்டியதைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியமான 2009ஆம் ஆண்டு ஆய்வை ஏனோ விட்டுவிட்டார். சிவப்புத் தலையும் கறுப்புத் தலையும் ஜோடி சேர்ந்தால் குஞ்சுகள், குறிப்பாகப் பெண் குஞ்சுகள், அதிகம் சாகின்றன என்று கண்டது அந்த ஆய்வு. இங்கே குஞ்சு செத்தால் நாங்கள் மழையைத் திட்டுவோம், தினையில் பூஞ்சை என்போம், சுண்ணச்சத்துக்குக் கணவாய் ஓடு வைக்காமல் விட்டதைச் சொல்வோம். ஜோடியின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

காட்டுப் பறவைகளைப் பற்றி 2016இல் வந்த ஆய்வு, வட ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் அவற்றின் மரபணுவில் பிரிவு எதையும் காணவில்லை. அதாவது அவை இன்னும் கலந்து பழகித்தான் வாழ்கின்றன. அவற்றைக் குறைத்தவை வேறு: வறண்ட பருவத்தின் கடைசியில் பரவும் பெருந்தீ, மாடு மேய்ச்சல், மழை தொடங்கும் மாதங்களில் புல் விதை கிடைக்காமை. 1980கள் வரை உரிமம் வாங்கிப் பிடித்ததும் உண்டு. புல்லே இல்லாத இடத்தில் கூண்டுப் பறவையைக் கொண்டுபோய் விட்டால் அது எதைத் தின்னும்?

இன்னொன்று, மரபணுவில் வராதது. கோல்டியன் சரியாக அடைகாக்காது என்று முட்டையை எடுத்து, குஞ்சு வளர்ப்பதில் கெட்டிக்காரக் கூண்டுக் குருவியான பெங்காலி ஃபின்ச் கலயத்தில் வைப்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். பெங்காலி வளர்த்த சீப்ரா ஃபின்ச் ஆண்கள், பருவம் வந்தபின் சொந்த இனப் பெண்ணை விட்டுவிட்டு பெங்காலிப் பெண்ணிடமே போனதை ஜெர்மானிய ஆய்வாளர் கிளாஸ் இம்மெல்மான் 1960களிலேயே பதிவு செய்திருக்கிறார். பாட்டும் வளர்த்தவர் பாட்டுதான்.

கூண்டில் வளர்க்கும் ஆசை ஓர் இனத்தை என்ன செய்யும் என்பதற்கு வெனிசுவேலாவின் சிவப்பு சிஸ்கின் என்ற சிறு குருவி போதும். ஜெர்மனியில் 1920களில் பறவை ஆய்வாளர் ஹான்ஸ் டுங்கர் அதைக் கேனரி என்ற கூண்டுப் பாட்டுக் குருவியோடு சேர்த்துச் சிவப்புக் கேனரிக்கு வழி போட்டார். அந்த ஆசைக்காகவே பிடித்துப் பிடித்து, காட்டில் அந்தக் குருவி அருகிப்போனது. 2000இல் கயானாவில் ஒரு கூட்டம் தட்டுப்பட்டபோது பறவையியலாளர்களுக்கு நம்பவே முடியவில்லை. சிவப்பைத் தரும் மரபணு CYP2J19 என்று 2016இல் தெரிந்தது. அது சிஸ்கினிடமிருந்து கேனரிக்குள் போனது. ஆனால் வளர்ப்போரிடம் உள்ள சிஸ்கின்களிலேயே வேறு சிஸ்கின் இனங்களின் கலப்பு உண்டு என்பதால், மீட்டு வளர்க்க முயல்வோர் மரபணுவைச் சோதித்துத்தான் பறவையைத் தேர வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் எல்லாம் சிவப்புதான். திருப்பதிசாரம் பண்ணையில் விதை நெல் வயலில் இறங்கிக் கலவன் (வேறு ரகப் பயிர்) பிடுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும். அங்கே ரகத்துக்குப் பதிவேடு இருக்கிறது. எங்கள் குருவிக்கு இல்லை.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. கட்டுரை தொடாத இடம் இது. குலசேகரம், திருவட்டாறு பக்கத் தோட்டங்களில் திரியும் வெண்முதுகுச் சில்லையும் கடையில் விற்கும் பெங்காலி ஃபின்ச்சும் ஒரே இனம். சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன வெண்முதுகுச் சில்லைகளை ஏறத்தாழ 250 ஆண்டுகள் வளர்த்து உருவாக்கியதே பெங்காலி. வெள்ளை நிறத்துக்காகவும் குஞ்சு வளர்க்கும் குணத்துக்காகவும் தேர்ந்தெடுத்தார்கள்; கூடவே பாட்டும் மாறி, காட்டுப் பறவையின் பாட்டைவிடச் சிக்கலாகிவிட்டது என்று ஜப்பானில் ஆய்வாளர் ஒகனோயா குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பயமும் குறைந்துவிட்டது. வளர்த்து அலுத்தவர்கள் புண்ணியம் என்று நினைத்து இதைத் தோப்பில் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை வல்லூறுக்கோ பூனைக்கோ போகும். தப்பிப் பிழைத்த ஒன்று சில்லைக் கூட்டத்தில் சேர்ந்தால் குஞ்சு பொரிக்கத் தடையில்லை. தயவுசெய்து திறந்துவிடாதீர்கள், வேண்டாமென்றால் வளர்க்கிற வேறொருவரிடம் கொடுங்கள்.

கும்பப்பூ சாகுபடியில் நெற்கதிர் முற்றும்போது தேரூர், சுசீந்திரம் வயல்களில் வலை போட்டுச் சில்லை பிடிப்பது வேறு கதை. அது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அவ்வளவுதான்.

சக வளர்ப்போரிடம் கேட்பது இதுதான். குஞ்சுக்குக் காலில் எண் போட்ட வளையம் மாட்டுங்கள். தாய் தகப்பன் யார், எங்கே வாங்கியது, யார் அடைகாத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்கும்போது அந்தப் பக்கத்தின் நகலையும் கொடுங்கள். இதனால் விலை கூடுமா என்று கேட்டால், கூடாது. தலைநிறம் பார்த்து வாங்குகிறவர் நோட்டைப் புரட்டப் போவதில்லை. ஆனாலும் என்றாவது ஓர் ஆய்வாளர் கூண்டுப் பறவையின் வம்சம் கேட்டு வந்தால், இன்றைய நிலையில் காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஃபின்ச் வளர்க்கும் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.