சருகைக் கொளுத்திவிடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. அனுப்பிய நேரத்தையும் பார்த்தேன், இரவு 2 மணி 10 நிமிடம். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாத்தி மண் வெடித்துக் கிடக்கிறது, பின்னால் மரத்தடியில் சருகு குவிந்திருக்கிறது. அதைக் கொளுத்திவிடாதே அம்மா. இந்த வெயிலுக்கு மண்ணை மூடிவைக்க அதைவிட நல்ல மூடாக்கு இல்லை.

முதலில் தண்ணீர். காய்ந்த மண்மேல் சருகைப் போட்டால், பிறகு விடுகிற தண்ணீரில் ஒரு பங்கைச் சருகே குடித்துவிடும், அடியில் மண் காய்ந்தபடியே கிடக்கும். மாலையில் ஒரு சாண் ஆழம் நனையும்படி விட்டு, மறுநாள் காலையில் பரப்பு. முழு இலையாகப் போடாதே. அகல இலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கூரை வேய்ந்த மாதிரி ஆகிவிடும், தண்ணீர் மேலோடு வழிந்து போகும். சாக்கில் பாதிவரை அடைத்து வாயைக் கட்டி நன்றாக மிதி. நொறுங்கிய சருகு 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் போதும், சின்ன நாற்று என்றால் அதில் பாதி. காற்று அள்ளிப் போனால் லேசாக நனைத்து நாலு சுள்ளியைக் குறுக்கே போடு. நோய்ப்புள்ளி விழுந்த இலையையும் யூகலிப்டஸ் சருகையும் ஒதுக்கிவிடு. யூகலிப்டஸ் சருகு மற்ற விதைகளை எளிதில் முளைக்கவிடாது. வீட்டுச் சுவரை ஒட்டியும் பரப்பாதே, ஒரு தீப்பொறி போதும்.

மண்ணோடு சேர்த்துக் கொத்தவும் வேண்டாம். மரம் இலையை உதிர்க்கும் முன்பே அதிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தச் சருகை உள்ளே புதைத்தால், அதை மட்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுக்கும், செடி வெளுக்கும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நம் குடும்பத்தில் உன் அளவுக்குப் படித்தவர் யார்? ஆனாலும் ஒரு குடம் தண்ணீர் விடக்கூட நேரமில்லாமல் அப்படி என்ன வேலை? சரி, விடு.

கொளுத்தாதே. தூரை ஒட்டியும் போடாதே, நாலு விரல் இடைவெளி விடு. எங்கே இடைவெளி விட்டாய் என்று உன் கண்ணுக்கே தெரிய வேண்டும். நீ வைத்த எலுமிச்சை பட்டுப்போனபோது, தண்ணீர் விடாததால்தான் என்று உன்னைத் திட்டினேன். நீ விட்டுக்கொண்டுதான் இருந்தாய். நான்தான் சருகைத் தூரைச் சுற்றி முழங்கால் உயரம் குவித்தேன். பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகிவிட்டது. பிடுங்கும்போது கையோடு உரிந்து வந்தது, உள்ளே ஒரே பழுப்பு. பார்த்துவிட்டும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ என்னைக் கேட்டு எதையும் நட்டதில்லை.

தண்ணீரை மேலே தெளிக்காதே, சருகிலேயே நின்றுவிடும். குழாயின் முனையைச் சருகுக்கு அடியில் செருகி மெதுவாகத் திற. மேலே காய்ந்திருப்பதைப் பார்த்துத் தினமும் ஊற்றவும் கூடாது. சருகை விலக்கி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். மாதம் ஒருமுறை கிளறிவிடு, கறையான் மண் ஏறியிருக்கிறதா என்றும் பார். மட்கி இறங்கின இடத்தில் மட்டும் புதுச்சருகு போடு.

போனில் பேச முடியாவிட்டால் பரவாயில்லை. விரலை விட்டுப் பார்த்து, ஈரமா காய்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை எழுது. இரவு 2 மணி ஆனாலும் சரி, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா