சர்வர் ஓடுகிறது, பதிவு முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டில் தங்கும் அறை, சேலத்திலிருந்து கிளம்பும் இரவுப் பேருந்து, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு என்று பலவற்றுக்கும் இப்போது கைப்பேசியில்தான் பதிவு. சில நேரம் பணம் கணக்கிலிருந்து போய்விடுகிறது, பதிவு மட்டும் வந்து சேர்வதில்லை. கேட்டால், “எங்க சர்வர் நல்லாத்தான் ஓடுது, உங்க நெட்டைப் பாருங்க” என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாடிக்கையாளரின் வேலை முடிந்ததா என்று பார்க்கும் ஏற்பாடுதான் அங்கே இல்லை. உள்ளூர் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் செய்து தருபவர்கள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

சிறு நிறுவனங்களில் வைக்கப்படும் கண்காணிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகப்புப் பக்கம் திறக்கிறதா என்ற சோதனை, சர்வரின் சிபியு (செயலி), மெமரி (நினைவகம்) எவ்வளவு பயன்படுகின்றன என்று ஒரு வரைபடம். விடுமுறைக் கூட்டத்தில் இது எப்படிக் கைவிடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதிவுகளைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நாம் மாற்றாதவரை, ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயின் பதில் வரும்வரை ஒவ்வொரு பதிவும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 பதிவு, கேட்வே 1 நொடியில் பதில் சொல்கிறது என்றால் 4 இணைப்பு போதும். அதே கேட்வே மந்தமாகி 30 நொடி எடுத்தால் 120 வேண்டும். நூறைத் தொட்டதும் புதிதாக வருபவர்களுக்கு இடமில்லை. அப்போதும் சிபியு ஏறவே ஏறாது, ஏனென்றால் எல்லாமே சும்மா காத்துக்கிடக்கின்றன. முகப்புப் பக்கம் கேஷிலிருந்து (ஏற்கெனவே எடுத்துவைத்த நகலிலிருந்து) உடனே வந்துவிடும். கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை!

கேட்வேயை அழைக்கும் முன் டேட்டாபேஸ் இணைப்பை விட்டுவிட வேண்டும், அந்த அழைப்புக்குக் கால வரம்பு வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள இணைப்புகள் எத்தனை, வரிசையில் நிற்பவை எத்தனை என்பதை அளக்க வேண்டும்.

பதில் தாமதம், வரும் கோரிக்கைகள், பிழைகள், கொள்ளளவு நிரம்பும் விகிதம் என்று கூகுள் பொறியாளர்கள் 2016இல் முன்வைத்த நான்கு அளவைகள் இன்றும் நல்ல தொடக்கம். ஆனால் தாமதத்துக்குச் சராசரியை நம்பக் கூடாது. 100 கோரிக்கைகளில் 95க்கு 0.2 நொடியிலும் 5க்கு 10 நொடியிலும் பதில் போனால் சராசரி 0.69 நொடிதான். பார்க்க அழகாக இருக்கும், அந்த ஐந்து பேர் வேறு விடுதிக்குப் போயிருப்பார்கள். 95ஆம், 99ஆம் சதமானங்களைப் பாருங்கள், அதாவது நூற்றில் 95 பேருக்கும் 99 பேருக்கும் எத்தனை நொடிக்குள் பதில் போனது என்று. பிழையான பதில்களின் நேரத்தைத் தனியே பிரியுங்கள். உடனே விழும் பிழை சராசரியை இன்னும் அழகாக்கிவிடும்.

எங்கள் கணிப்பில் இந்த நான்கையும்விட முக்கியமானது வேறொன்று: வெற்றியான பணச் செலுத்தல் எத்தனை, உறுதியான பதிவு எத்தனை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒப்பிடுவது. வித்தியாசம் பத்து நிமிடம் நீடித்தால் யாருக்காவது அலர்ட் போக வேண்டும். பணம் வந்தது என்று கேட்வே அனுப்பும் தகவல் சில நேரம் வராது, சில நேரம் இரண்டு முறை வரும். வராவிட்டால் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து நாமே கேட்டறிய வேண்டும். இரண்டு முறை வந்தால் அதே எண்ணுக்கு இன்னொரு பதிவு விழாதபடி தடுக்க வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும்போது பயணி அதே பொத்தானை மறுபடி அழுத்துவார். சர்வரோ 0.2 நொடியில் பதில் அனுப்பிவிட்டதாகக் குறித்திருக்கும். ஆகவே கைப்பேசியில் பக்கம் வந்து சேர்ந்த நேரத்தையும் அளக்க வேண்டும்.

ஒரு பதிவு எங்கே சிக்கியது என்று தேட, அதற்கு ஓர் அடையாள எண் தொடக்கம் முதல் எஸ்எம்எஸ் வரை கூடவே போக வேண்டும். 2019இல் ஓப்பன்டிரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திறந்தமூலத் திட்டங்கள் சேர்ந்து உருவான ஓப்பன்டெலிமெட்ரி இதை இலவசமாகச் செய்கிறது. பிறகு செய்ய வேண்டியவை காத்திருக்கும் பின்னணி வரிசைக்குள் வேலை போகும் இடத்தில்தான் இந்த எண் பெரும்பாலும் அறுந்துபோகும். வரிசையில் போடும் செய்தியோடு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், லாக்கின் (சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பின்) ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். ஆனால் அந்த எண்ணையோ வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணையோ அளவைகளைச் சேமிக்கும் ப்ரோமிதியஸ் மென்பொருளில் லேபிளாக (அளவைகளைப் பிரித்துக் காட்டும் குறியாக) வைக்கக் கூடாது. ஒவ்வொரு புது எண்ணுக்கும் ஒரு புதுத் தொடர் பிறந்து மெமரி நிரம்பும், கண்காணிப்பே விழும். ஓடிபி, அட்டை விவரம் லாக்கில் இருக்கவே கூடாது.

2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும். ஒரு சர்வர் இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரமான யுடிசியிலும் எழுதினால் ஐந்தரை மணி நேர இடைவெளியில் எது முதலில் நடந்தது என்றே தெரியாது. 180 நாள் லாக் டிஸ்க்கை நிரப்பவும் செய்யும். 90 சதவீதம் ஆனதும் எச்சரிப்பதைவிட, இந்த வேகத்தில் நான்கு நாளில் நிரம்பும் என்று எச்சரிப்பது மேல்.

கண்காணிப்பை அதே சர்வரில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழும். வெளியே வேறோர் இடத்திலிருந்து ஒரு சோதனைப் பதிவைத் தொடர்ந்து செய்து பார்க்க வேண்டும். நடு இரவில் எழுப்பும் அலர்ட் வாடிக்கையாளர் பாதிக்கப்படும்போது மட்டும் வரட்டும், முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். நாளுக்கு நாற்பது வந்தால் ஒன்றையும் யாரும் திறக்க மாட்டார்கள்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும் விடுதி, கடை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 99.9 சதவீதம் இயங்கும் என்று எழுதித் தந்தால், 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேளுங்கள்: சர்வரையா, முடிந்த பதிவையா? கடைசித் தவணைக்கு முன் சோதனை அமைப்பில் கேட்வே இணைப்பை உங்கள் எதிரிலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். யார் கைப்பேசிக்கு, எத்தனை நிமிடத்தில் அலர்ட் வருகிறது என்று பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் அந்தத் தவணையை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பில் பணிபுரியும் வாசகர்கள்,
ஃபேர்லண்ட்ஸ், சேலம்.